ஈயம், பித்தளை, அலாய் வீல்

பாலிஷ் போட்டு அலுமினியத்தைத் தேய்த்தால் துணி கறுத்துப்போகும். புதுத் துணி எடுத்துத் தேய்த்தால் அதுவும் கறுக்கும். பத்தாவது துணியும் கறுக்கும். 'இன்னும் அழுக்குப் போகலையே' என்று மேலும் மேலும் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அது அழுக்கு இல்லை, அலுமினியம்தான். முகம் பார்க்கிற மாதிரி வெள்ளையாக மின்னும் அதே உலோகம், ரொம்பப் பொடியாகிவிட்டால் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அதாவது பாலிஷ் போடும்போது நாம் மேலே படிந்ததைத் துடைக்கவில்லை. உலோகத்தையே சீவிக்கொண்டிருக்கிறோம்.

சீவிய உலோகம் எங்கே போகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், அது சென்னை ஓவியப் பள்ளி, மேட்டூர் அணை, சிவகாசி, கடைசியில் சீனாவில் ஒரு சக்கரத் தொழிற்சாலை என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது.

எனக்கு இது தொற்றிக்கொண்டது ஒட்டன்சத்திரத்தில். சித்தப்பா அங்கே மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஊரைத் தெரியாதவர்களுக்காக: திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவில் இருக்கிறது. முருங்கை, தக்காளி, வெங்காயம், கத்தரி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளைவது இங்கே வந்து, ஏலம் போய், பெரும்பகுதி கேரளாவுக்கு வண்டி ஏறும். அதனால் ஊரில் மனுசருக்கு இருக்கிற மாதிரியே வண்டிகளுக்கும் வைத்தியர்கள் நிறைய. பஞ்சர் கடை, டிங்கரிங், லேத், வாட்டர் சர்வீஸ், எதற்கும் வெளியூர் போக வேண்டியதில்லை.

சித்தப்பாவிடம் ஒரு பழைய ஜீப். நாலு சக்கரமும் பாலிஷ் போட்ட அலுமினியம். பத்து வருசத்துக்கு மேல் மாட்டுத்தொழுவத்தை ஒட்டியே நின்றுவிட்டது. நான் பார்த்தபோது சக்கரங்கள் சாம்பல் பூத்து, அங்கங்கே வெள்ளைப் பொடி கட்டி, ஊசி குத்தின மாதிரி கரும்புள்ளிகளோடு இருந்தன. மாட்டு மூத்திரத்தில் உப்பும் உண்டு, அமோனியாவும் உண்டு. அலுமினியத்துக்கு இரண்டுமே ஆகாது. போதாக்குறைக்கு, பேலன்ஸ் பார்க்க விளிம்பில் அடித்திருந்த சின்ன எடைக்கட்டிகளின் அடியில் ஈரம் தங்கி, அந்த இடம் மட்டும் பல் சொத்தை மாதிரி அரித்துப்போயிருந்தது.

சித்தி புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். சித்தப்பா, "ஆசிட் அடிச்சா ஒரே நிமிசம்" என்றார். பழனி ரோட்டில் ஒரு பட்டறைக்காரர் இரண்டையும் ஒதுக்கிவிட்டார். "அண்ணே, அதெல்லாம் வேண்டாங்க. மொதல்ல இது வெறும் மேனியா, மேல கோட்டிங் இருக்குதான்னு பாப்போம்."

அவர் பார்த்த விதம் எளிமையானது. ஒரு மூலையில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் துணியால் நாலு தேய் தேய்த்தார். துணி கறுத்தது. கறுத்தால் வெறும் உலோகம். கறுக்காமல் இருந்தால் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது என்று அர்த்தம், அதன் வைத்தியம் வேறு. இப்போது வருகிற கார்களின் அலாய் வீல் பெரும்பாலும் பூச்சுப் போட்டதுதான். அதில் கல் பட்டு ஒரு கீறல் விழுந்தால், தண்ணீர் உள்ளே நுழைந்து பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்கிற மாதிரி அரிப்பு ஓடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பூச்சை முழுசாக எடுத்தால்தான் உண்டு.

வெறும் மேனி என்று சொன்னாலும், அலுமினியம் ஒருபோதும் வெறும் மேனியாக நிற்பதில்லை. காற்றுப் பட்ட கணமே அதன் மேல் ஆக்சைடு தோல் ஒன்று வளர்ந்துவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இந்தத் தோல்தான் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. இரும்பில் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும். இங்கே தோல் ஒட்டிக்கொண்டு, அடியில் இருப்பதை மூடிவிடும். கீறினால் அடுத்த கணமே புதுத் தோல்.

ஆனால் அந்தத் தோலுக்கு இரண்டு பக்கமும் எதிரி. அமில-கார அளவுகோலில் சுமார் 4-லிருந்து 8.5 வரைதான் அது பத்திரமாக இருக்கும். அதற்குக் கீழே போனால் அமிலம் கரைக்கும், மேலே போனால் காரம் கரைக்கும். புளி அந்த 4-க்குக் கீழே. காஸ்டிக் சோடா எங்கேயோ உச்சியில். பித்தளைக்குப் புளி மருந்தாக இருப்பதற்குக் காரணம், செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அது கரைத்து எடுத்துவிடுவது. கீழே இருக்கும் பித்தளை அவ்வளவு சுலபத்தில் கரையாது. அதே புளியை அலுமினியத்தின் மேல் வைத்தால், காப்பாற்றிக்கொண்டிருந்த தோலே போய்விடும். சித்தியின் யோசனை தப்பான யோசனை இல்லை, வேறு உலோகத்துக்கான யோசனை. தலைமுறை தலைமுறையாகப் பித்தளையோடு பழகிய கைகளுக்கு அலுமினியம் ஒரு புது விருந்தாளி. எவ்வளவு புதுசு என்று தேடினேன்.

ஆச்சரியமாக, நம்ம ஊர்க் கதை 1898-ல் ஆரம்பிக்கிறது. அதற்கு வெறும் 12 வருடம் முன்பு வரை அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். அமெரிக்காவில் 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் கௌரவமாக வைத்தது மூன்று கிலோகூட வராத ஓர் அலுமினியக் கூம்பு. 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியாக மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதைக் கவனித்தார். சென்னை ஓவியப் பள்ளி (இப்போது அரசு கவின்கலைக் கல்லூரி) அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே 1898-ல் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். நம்ம ஊர் உலோகக் கைவினைஞர்களுக்குப் பித்தளை, செம்புக்குப் பக்கத்தில் ஒரு புது உலோகத்தைக் கொடுப்பது அவர் எண்ணம்.

சோதனை நன்றாகவே ஓடியது. 1903-ல் அந்தத் தொழிலை இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அரசாங்கம் தொழில் தொடங்கி, வழிகாட்டி, பிறகு கைமாற்றிவிடலாம் என்பது சாட்டர்டனின் கொள்கை. லண்டனில் இருந்த இந்தியா மந்திரி மோர்லிக்கு அது பிடிக்கவில்லை. அரசு இப்படித் தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் கை விரித்துவிட்டார். அந்தச் சண்டை தனிக் கதை. இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன்: சென்னை மாகாணத்தில் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைப் பரப்ப ஓடி ஓடி உழைத்தவரும் இதே சாட்டர்டன்தான். கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழும் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆட்களுக்கு இந்த மனுசனின் பெயர் தெரிந்திருக்கலாம். யாருக்கும் தெரியவில்லை.

அலுமினியப் பாத்திரத்தின் பெரிய வசதி, ஈயம் பூச வேண்டாம் என்பது. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். தெருவில் துருத்தி வைத்து, நவச்சாரம் போட்டு, பஞ்சால் ஒரு சுழற்றுச் சுழற்றிப் பூசுகிறவர்களைக் கொஞ்சம் வயசானவர்கள் பார்த்திருப்பீர்கள். அலுமினியம் அந்த வேலையைத் தேவையில்லாமல் ஆக்கியது. ஆனால் வேடிக்கையைப் பாருங்க, தென்மாவட்டங்களில் அந்த அலுமினியத்துக்கே 'ஈயம்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஈயச்சட்டி, ஈயப்பானை. "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வந்தவரின் சாக்கில் விழுந்த ஈயம் பெரும்பாலும் அலுமினியம்தான். ஏற்கெனவே தமிழில் ஈயம் ஒரு குடும்பப் பெயர். வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம், ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் ஈயம். அந்த வரிசையில் அலுமினியமும் போய் உட்கார்ந்துகொண்டது. பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தெரிந்த பழைய பூச்சின் நினைவில் இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஜீப் சக்கரத்தில் அடித்திருந்த எடைக்கட்டிகள் அசல் காரீயம். ஒரே சக்கரத்தில் இரண்டு ஈயம்.

பாத்திரத்துக்கு வேண்டிய தகடு அப்போது கப்பலில்தான் வந்தது. இந்தியாவில் அலுமினியம் உருக்கியது 1943-ல், கேரளத்தின் ஆலுவாவில். பள்ளிவாசல் நீர்மின்சாரம் கிடைத்ததால் அந்த இடம். தமிழ்நாட்டுக்கு வந்தது 1965-ல், மேட்டூரில், இத்தாலியின் மொன்டெகாட்டினி உதவியோடு தொடங்கிய மால்கோ. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மலை இறங்கி வரும். அதைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிப்பார்கள். ஆமாம், ஈயச்சட்டியை ஓட்டை போடும் அதே காஸ்டிக் சோடாதான். மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து எடுக்கத் தெரிந்தது, சட்டியிலிருந்து எடுக்காதா?

அதன் பிறகு மின்சாரம். ஒரு கிலோ அலுமினியம் உருக்க 14, 15 யூனிட் ஆகும். ஏழு கிலோ எடையுள்ள ஒரு கார் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட் இருக்கிறதே, அது முழுசும் ஒரே ஒரு சக்கரத்துக்கு. மேட்டூர் உருக்காலை மின்சாரச் செலவோடு மல்லுக்கட்டியே 2008-ல் மூடப்பட்டது. இந்த 14 யூனிட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வரும்.

சட்டி எப்போது சக்கரம் ஆனது? 1924 ஆகஸ்டில் பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்துக்கு எத்தோரே புகாட்டி தன் 35-ஆம் வகைக் காரைக் கொண்டுவந்தார். எட்டு ஆரம் வைத்த, பிரேக் டிரம்மும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்த்த அலுமினியச் சக்கரம். அன்றைக்கு டயர்கள் பிய்ந்துபோய்ப் பந்தயத்தில் தோற்றார். சக்கரம் ஜெயித்தது. லாரிக்கு அது வந்தது 1948-ல், அமெரிக்க அல்கோவா நிறுவனம் அடித்து உருவாக்கிய சக்கரத்தோடு. இரும்புச் சக்கரத்தில் கிட்டத்தட்டப் பாதி எடைதான். குறைத்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம். பூச்சு எதுவும் போடாமல் பாலிஷோடு விடுவதும், ஓட்டுநர்கள் அதைத் துடைத்துத் துடைத்து மினுக்குவதும் அங்கே ஒரு பண்பாடாகவே ஆகிவிட்டது.

இங்கே அது எடுபடவில்லை. 1960-களில் சென்னை பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்யத் தொடங்கியது, ஆனால் இரும்பில். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நிற்கும் லாரிகளைப் பாருங்க, எல்லாம் பெயிண்ட் அடித்த இரும்புச் சக்கரம். பட்டறைக்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "இரும்பு பள்ளத்துல விழுந்தா கோணும்ங்க, தட்டி எடுத்துக்கலாம். அலாய் விழுந்தா விரியும். விரிசலைத் தட்ட முடியுமா?" இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. அலுமினியம் நம்ம பக்கம் ஜீப், கார், பைக் என்று சின்ன வண்டிகளின் அலங்காரமாகத்தான் உள்ளே வந்தது. அலங்காரமாக வந்ததால்தான், மோகம் தீர்ந்ததும் கவனிக்காமல் விடுகிறோம்.

கவனிக்காமல் விட்டால் அழகு மட்டும் போவதில்லை. டயர் ரிம்மோடு உட்காருகிற வளையத்தில் வெள்ளை பூத்துவிட்டால், அந்த இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பஞ்சர் கடைக்குப் போனால் ஆணியும் இருக்காது, ஓட்டையும் இருக்காது. காற்றுக் குறைந்த டயரோடு நாலுவழிச் சாலையில் போவது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பாவின் நாலு சக்கரத்தில் இரண்டு அப்படித்தான் இருந்தன.

சரி, ஆசிட்? சக்கரம் கழுவுகிற சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அதன் உறவுக்கார உப்புகளோ இருக்கும். அடித்தவுடன் அழுக்கும் ஆக்சைடும் சேர்ந்து கரைந்து சக்கரம் வெள்ளையாகிவிடும், அதனால்தான் "ஒரே நிமிசம்". ஆனால் அந்த வெண்மை பால் வெண்மை, பளபளப்பு இல்லை. மேற்பரப்பு நுண்ணியதாகப் பொத்துப்போயிருக்கும், அடுத்த மழையில் முன்னைவிட வேகமாகப் பூக்கும். ஆளுக்கு ஆபத்து அதைவிடப் பெரிசு. இந்த அமிலம் தோலில் பட்டால் பல சமயம் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். வெறுங்கையால் வேலை செய்கிற பையன்களிடம் கொடுக்கிற பொருளே இல்லை அது.

பட்டறைக்காரர் செய்தது மெதுவான வேலை. டயரைக் கழற்றி, எடைக்கட்டிகளைப் பிடுங்கி, சாதா சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் வைத்து முதலில் விரிசல் தேடினார். விரிசல் இருந்தால் அத்தோடு சரி, பழைய இரும்புக் கடைக்குத்தான். இல்லை என்று தெரிந்த பிறகு வாட்டர் பேப்பர். குழி ஆழமாக இருந்த இடத்தில் மட்டும் 320, மற்ற இடங்களில் 400. அப்புறம் 600, 800, 1000, 1500, 2000. எண் ஏற ஏறத் தாள் நைசாகும். எப்போதும் தண்ணீரில் நனைத்துத்தான். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுவார். 400-ல் குறுக்கே தேய்த்தால் 600-ல் நெடுக. முந்தின தாளின் கோடு ஒன்றுகூட மிச்சம் இல்லை என்று கண்ணால் பார்க்க இதுதான் வழி. தாள் மாற்றும்போதெல்லாம் சக்கரத்தையும் கையையும் வாளியையும் கழுவினார். 400-ன் ஒரு மணல் துகள் தங்கிவிட்டாலும் 2000-ல் அது பெரிய கீறலாக நிற்கும். போல்ட் உட்காரும் குழிகளைத் தொடவே இல்லை. அங்கே தேய்த்தால் சக்கரம் வண்டியில் சரியாக உட்காராது.

2000 முடிந்தபோது சக்கரம் மங்கலான வெள்ளி மாதிரி இருந்தது. அதன் மேல் பாலிஷ், துணி, கை. என்.சி.சி.யில் இடுப்பு பெல்ட்டின் பித்தளை வில்லையைப் பிராசோ போட்டுத் துடைத்தவர்களுக்கு அந்தச் சுழற்சி தெரியும். ஒரு சக்கரத்துக்கு முழுசாக ஒரு நாள். கடைசியில் மெழுகு. வெறும் மேனி அலுமினியத்துக்கு அந்த மெழுகுதான் சட்டை. சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கையால் ஏன், மோட்டாரில் பஃபிங் வீல் மாட்டி அடித்தால் அரை மணி நேரத்தில் முடியுமே என்று கேட்டேன். பக்கத்தில் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில், பித்தளைக்கும் இரும்புக்கும் பாலிஷ் போட்டுப் பழகின ஊர். "போடலாம்ங்க. ஆனா அந்த மெசின்ல இரும்பும் அடிப்பேன். இரும்புப் பொறி பறக்கிற இடத்துல இந்தத் தூசி கூடாதுங்க." ஏன் என்று அவர் விளக்கவில்லை. வேறு ஆள் வந்துவிட்டார். விளக்கத்தைப் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். படித்ததும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

அலுமினியப் பொடி எரியும். கட்டியாக இருக்கும்போது அந்த ஆக்சைடுத் தோல் காப்பாற்றுகிறது. பொடியாக்கினால் மேற்பரப்பு பல ஆயிரம் மடங்கு பெருகிவிடும், தோலால் தாக்குப்பிடிக்க முடியாது. சிவகாசிப் பட்டாசில் வெள்ளை வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் போடுகிற பொடி அலுமினியம்தான். துருவோடு சேர்ந்தால் இன்னும் மோசம். இரும்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைதான் தெர்மிட், தண்டவாளத்தை உருக்கி ஒட்டவைக்க ரயில்வே பயன்படுத்துவது. இரும்பும் அலுமினியமும் ஒரே மெசினில் அடிக்கிற பட்டறை, தெரியாமலே இந்தக் கலவையைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த 14 யூனிட் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ அலுமினியம் முழுசாக எரிந்தால் வெளியே வரும் வெப்பம் சுமார் எட்டரை யூனிட். உருக்காலையில் போட்ட மின்சாரத்தில் பாதிக்கு மேல் உலோகத்துக்குள் தூங்குகிறது. பொடியாகி, காற்றில் கலந்து, ஒரு பொறி பட்டால் அவ்வளவும் ஒரே கணத்தில் எழுந்துவிடும்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ஹன்டிங்டனில், அலுமினியச் சக்கரம் வார்க்கும் ஹேய்ஸ் லெம்மர்ஸ் தொழிற்சாலையில் 2003 அக்டோபர் 29 அன்று தூசு வெடித்தது. ஒருவர் இறந்தார். சக்கரம் கடைந்த சில்லுகளை மறுபடி உருக்குவதற்காகக் காயவைத்துக் கொண்டுபோகும் குழாய்களில் சேர்ந்த தூசு அது.

பெரிய விபத்து 2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை காலை, சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் குன்ஷான் என்ற ஊரில். ஜோங்ரோங் என்ற தொழிற்சாலை. வெடித்த கூடத்தில் நடந்த வேலை, கார்களின் அலுமினியச் சக்கரத்துக்குப் பாலிஷ் போடுவது. வரிசை வரிசையாக ஆட்கள் நின்று தேய்ப்பார்கள், தூசைக் குழாய் உறிஞ்சும். குழாய்களை ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை. தூசு சேகரிக்கும் தொட்டியில் ஈரம் பட்டது. ஈரம் பட்ட அலுமினியத் தூசு மெல்ல மெல்லச் சூடேறும். சூடேறித் தீப்பிடித்து, குழாய் வழியே திரும்பி வந்து, வேலை நடந்துகொண்டிருந்த கூடம் முழுக்க வெடித்தது. அன்றைக்கே 75 பேர். மற்றவர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைகளில் வாரக்கணக்கில் கிடந்து இறந்தார்கள். மொத்தம் 146 பேர்.

146 பேர். கார் கம்பெனி விளம்பரத்தில் சக்கரம் மினுக்குவதைப் பார்க்கும்போது இந்த எண் எனக்கு ஞாபகம் வருகிறது, என்ன செய்ய.

வெடிக்காவிட்டாலும் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகத்தான் செய்யும். அதிலும் ஒரு விபரீத வரலாறு உண்டு. கனடாவின் ஒன்டாரியோ சுரங்கங்களில் 1943-லிருந்து 1979 வரை, தொழிலாளர்கள் உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்தி, அலுமினியப் பொடியை ஊதி, வேண்டுமென்றே சுவாசிக்க வைத்தார்கள். மெக்கின்டயர் பொடி என்று பெயர். கல்தூசு நோயான சிலிக்கோசிஸை அது தடுக்கும் என்பது கம்பெனி டாக்டர்களின் நம்பிக்கை. தடுக்கவில்லை. பல பத்தாண்டு கழித்து, அந்தத் தொழிலாளர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டின. 2022-ல் ஒன்டாரியோ அரசு அதைத் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு வெடிக்கும் தூசைப் பற்றியதுதான். தூசு வெளியே வராமல் மூட வேண்டும், சேராமல் அகற்ற வேண்டும், பொறி வரும் எதையும் விலக்க வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை என்றால் மின்சாரம் வைத்து 10 பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு பையன் என்று மூன்று பேர் நடத்துகிற பட்டறைக்கு அந்தப் பிரிவு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அங்கே சட்டமாக இருப்பது, யாரிடமோ தொழில் கற்றபோது காதில் விழுந்த "இதுல அதை அடிக்காதே" என்கிற ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியம் விழாத பட்டறையில், மெசினுக்குப் பின்னால் சுவரோரம் விரல் கனத்துக்குச் சாம்பல் தூசு படிந்திருக்கும், மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இவ்வளவு போதும்: எப்போதும் ஈரத்தோடு தேய்யுங்க, தூசு பறக்காது. காய்ந்த தேய்ப்பு தவிர்க்க முடியவில்லை என்றால் திறந்த வெளியில், முகமூடியோடு, பக்கத்தில் வெல்டிங், கிரைண்டிங் எதுவும் இல்லாமல். தப்பித்தவறித் தூசில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணலை மெதுவாகக் கொட்டி மூட வேண்டும். தேய்த்த வாளியில் மிஞ்சும் சாம்பல் நிறத் தண்ணீரை மூடி போட்டு வைக்காதீங்க. பொடி தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட்டுக்கொண்டே இருக்கும். பட்டறைக்காரர் அன்றன்றைக்கே அதை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பின்பக்கத் திறந்த குழியில் ஊற்றிவிடுகிறார். குழியின் அடியில் வண்டல் வெள்ளி நிறத்தில் படிந்து கிடக்கிறது.